முதலில் குரூப், பிறகு பத்து

எங்கள் கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் பாயிண்ட் டூ டூ ரைபிளைக் கையில் வாங்கியதும் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள். இது எவ்வளவு தூரம் போகும்? ஒரு தடவைக்கு எத்தனை குண்டு போடலாம்?

தூரத்துக்கு என் பதில்: குண்டு 1,500 மீட்டரையும் தாண்டிப் போகும், அதனால் பேரல் முனை எந்த நேரமும் பட்ஸ், அதாவது இலக்குக்குப் பின்னாலுள்ள மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும், ஆனால் நமக்கு வேண்டியது 50 மீட்டர் மட்டும். எண்ணிக்கைக்குப் பதில்: ஒன்று. போட்டிக்கான ரைபிளில் மேகஸின் கிடையாது. போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். ஒரு தோட்டாவை விரலால் எடுத்து வைக்க வேண்டும். போல்ட்டை முன்னால் தள்ளி, கைப்பிடியைக் கீழே மடக்கிப் பூட்ட வேண்டும். சுட்டபின் மறுபடி திறந்து கோக்காவை, அதாவது காலிக் கூட்டை, வெளியே தள்ளினால்தான் அடுத்த தோட்டாவுக்கு இடம். கேட்டவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரியும். இந்த ஒவ்வொன்றாகச் சுடும் முறையில்தான் பயிற்சி முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதை அவர்களாக உணரச் சில மாதங்கள் பிடிக்கும்.

ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோவைப் பக்கம் ஒரு ரைபிள் கிளப்பில் துப்பாக்கிகளைப் பராமரிப்பதும் பிள்ளைகளுக்குச் சுடக் கற்றுக்கொடுப்பதும் இப்போதைய வேலை. என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலைதான். ரைபிளில் இருக்கும் ஆட்டத்தை எடுப்பவர் ஆர்மரர். ஆளிடம் இருக்கும் ஆட்டத்தை எடுப்பவர் கோச்.

இந்தப் பாடத்தை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் கல்லூரி நாளில் எங்கள் என்.சி.சி. உஸ்தாத். திருவண்ணாமலைப் பக்கத்து ஹவில்தார். எங்கள் கையில் அப்போது இருந்தது .22 போல்ட் ஆக்‌ஷன் டீலக்ஸ் ரைபிள்: நீளம் 43 அங்குலம், எடை 6 பவுண்டு 2 அவுன்ஸ். 25 கஜத்தில் காகித இலக்கு, ஆளுக்கு ஐந்து ரவுண்டு. சுட்டு முடித்து இலக்கைக் கொண்டுவந்தபோது, ஒரு பையன் நடுப்பொட்டில் ஒன்று போட்டிருந்தான். மற்ற நான்கும் தாளின் நான்கு பக்கமும் சிதறிக் கிடந்தன. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்றவனுடைய தாளில் ஒன்றுகூடக் கறுப்பில் படவில்லை. ஐந்தும் கீழே இடது மூலையில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. அவன் தாளைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

உஸ்தாத் சட்டைப்பையிலிருந்து ஒரு கம்பி வளையத்தை எடுத்தார். இரண்டாமவன் தாளை வாங்கி, அந்த ஐந்து ஓட்டைகள் மேல் வளையத்தை வைத்தார். எல்லாம் உள்ளே அடங்கின.

“பத்து அடிச்சியா எட்டு அடிச்சியான்னு அப்புறம் பாக்கலாம் தம்பி. அஞ்சும் ஒண்ணா இருக்கா? அதச் சொல்லு மொதல்ல.”

பிறகு இரண்டாமவனின் ரைபிளில் பேக் சைட்டைச் சரிசெய்து கொடுத்தார். அடுத்த ஐந்தும் நடுவில் போய் விழுந்தன. பையன் வேறெதையும் மாற்றவில்லை. முதலாமவனுக்கு உஸ்தாத் செய்து கொடுக்க எதுவுமில்லை. எந்தப் பக்கம் திருப்புவது? ஐந்து குண்டும் ஐந்து திசை சொன்னால் சைட்டைத் திருப்ப வழியே கிடையாது.

குரூப் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தப்பான இடத்தில் விழுந்தாலும் ஒரே இடத்தில் விழுந்தால், அந்தத் தப்பைத் திருகாணியால் தீர்க்கலாம். இந்த ஒரு பாடத்தை வைத்துத்தான் ஆர்மரராக இத்தனை காலம் வேலை செய்தேன். கோச்சாகவும் அதை வைத்துத்தான் வேலை செய்கிறேன்.

50 மீட்டர் போட்டி இலக்கில் பத்து வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். குண்டின் குறுக்களவு 5.6 மில்லிமீட்டர். சுடுபவர் கண்ணுக்குத் தெரிவது 112.4 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம் மட்டும். பத்து வளையத்தைக் கண்ணால் பார்த்துக் குறிவைக்க யாராலும் முடியாது. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அந்த வளையத்துக்குள் கறுப்பு வட்டம். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று நடுவில் நிற்க வேண்டும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கண்ணருகே 0.1 மில்லிமீட்டர் விலகல் இலக்கில் 6 மில்லிமீட்டருக்கு மேல் போய்விடும். கன்னத்தைக் கட்டையில் ஒருமுறை அழுத்தி வைத்து, மறுமுறை லேசாக வைத்தால் இந்த 0.1 தாராளமாக வந்துவிடும். அதனால்தான் முதல் மாதத்தில் நான் டிரிகரைப் பற்றிப் பேசுவதைவிடக் கன்னத்தைப் பற்றிப் பேசுவது அதிகம்.

இனி தோட்டாவைப் பார்ப்போம். பெரிய ரைபிள் தோட்டாக்களுக்கு அடிப்பாகத்தின் நடுவில் தனியாக ஒரு தொப்பி இருக்கும். ஊசி அதில் குத்தும். ரிம்ஃபயர் தோட்டாவுக்கு அது கிடையாது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு உட்புறம் ஒரு மெல்லிய வளையமாக இருக்கிறது. பற்றவைக்கும் மருந்து அந்த விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கிறது. ஃபயரிங் பின் விளிம்பை நசுக்கியதும் மருந்து பொறி தட்டுகிறது. 1845-இல் பிரான்சில் ஃப்ளோபேர் என்பவர் செய்த சிறு தோட்டாவில் தொடங்கி, 1887-இல் அமெரிக்காவில் இன்றைய .22 லாங் ரைபிள் வடிவம் வந்தது. அடிப்படை அமைப்பு அதன்பிறகு மாறவேயில்லை. 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம் ஈயக் குண்டு. அதன்மேல் மெழுகுப் பூச்சு.

மருந்து விளிம்பு முழுவதும் சமமாகப் பரவியிருந்தால் எல்லாத் தோட்டாவும் ஒரே மாதிரி பற்றும். ஓரிடத்தில் கூடி ஓரிடத்தில் குறைந்திருந்தால் வேகம் மாறும். கணக்குப்படி விநாடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசம் 50 மீட்டரில் குண்டை ஏழெட்டு மில்லிமீட்டர் மேலோ கீழோ தள்ளும். பத்தில் விழ வேண்டியது ஒன்பதின் கோட்டில் போய் நிற்க அது போதும். இந்தத் தோட்டாவை நாமே மறுபடி அடைத்துக்கொள்ளவும் வழியில்லை. தொழிற்சாலை எப்படிக் கொடுத்ததோ அப்படியே சுட வேண்டும். ஆகவே போட்டிக்காரர்கள் தோட்டாவைப் பெயர் பார்த்து வாங்குவதைவிட, பேட்ச் நம்பர் பார்த்து வாங்குகிறார்கள். இங்கிலாந்தின் எலி, பின்லாந்துப் பெயர் கொண்ட லாபுவா ஆகிய கம்பெனிகள் இதற்காகவே சோதனைக்கூடம் வைத்திருக்கின்றன. சுடுபவர் தன் ரைபிளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதைப் பிடிப்பானில் இறுக்கி, ஒவ்வொரு பேட்ச்சாகச் சுட்டு, அந்தப் பேரலுக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்துச் சொல்கிறார்கள். ஒரே மாடலில் அடுத்தடுத்த நம்பர் கொண்ட இரண்டு ரைபிள்களுக்கு இரண்டு வெவ்வேறு பேட்ச் பிடிப்பது எங்கள் தொழிலில் தினசரி நடப்பு.

நம்மூர்க் கிளப்பில் அந்த வசதி இல்லை. நாங்கள் மணல் மூட்டையில் ரைபிளைத் தாங்க வைத்து, கையில் இருக்கும் பேட்ச்சுகளைப் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்க்கிறோம். நல்ல பேரலும் நல்ல தோட்டாவும் சேர்ந்தால், பத்து ஓட்டையும் 20 மில்லிமீட்டருக்குள் அடங்கும். அந்தத் தாளிலேயே ரைபிள் நம்பரையும் பேட்ச் நம்பரையும் எழுதிக் கோப்பில் வைக்கிறேன். பிறகு யார் வந்து ரைபிள் சரியில்லை என்று சொன்னாலும் முதலில் அந்தக் கோப்பைத்தான் திறப்பேன்.

போட்டித் தோட்டாவின் வேகம் விநாடிக்கு 320, 330 மீட்டர் அளவில் இருக்கும். வேண்டுமென்றே ஒலியின் வேகத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். ஒலியைத் தாண்டிப் புறப்பட்டு வழியில் அதற்குக் கீழே இறங்கும் குண்டு, அந்த இடத்தில் ஒரு குலுக்கல் வாங்கும்; குரூப் விரியும். மெதுவான குண்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாக இன்னொரு கடமை நமக்கு வருகிறது. ஊசி தட்டிய பிறகும் குண்டு பேரலுக்குள் சில மில்லி விநாடி இருக்கிறது. வெளியே வந்தபின் இலக்கைச் சேர விநாடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஆகிறது. சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கமுள்ள பிள்ளை, குண்டு பேரலை விட்டு வெளியேறும் முன்பே தூக்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் டிரிகரை இழுத்தபின் அப்படியே இரு, சைட் எங்கே நின்றது என்று பார், வாய்விட்டுச் சொல் என்கிறோம். “மூணு மணில ஒம்போது” என்று, கடிகாரத் திசையும் வளையமும் சேர்த்து, பிள்ளை சொல்ல வேண்டும். அதன்பிறகுதான் இலக்கைப் பார்க்கலாம். சொன்ன இடமும் விழுந்த இடமும் ஒத்துப்போகத் தொடங்கிய நாள்தான் அந்தப் பிள்ளை ஷூட்டர் ஆன நாள்.

போல்ட்டின் மதிப்பு இங்கேதான் தெரியும். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிளில், சத்தத்தோடு சத்தமாக உள்ளே இரும்பும் நகரும். போல்ட் ஆக்‌ஷனில் குண்டு வெளியேறும் வரை ஒரு திருகாணிகூட நகர்வதில்லை. பூட்டியது பூட்டியபடி இருக்கிறது. நீங்கள் கையால் திறக்கும் வரை அது காத்திருக்கிறது. சுட்டது எப்படி என்று யோசிக்க அந்த இடைவெளி கிடைக்கிறது. போல்ட்டைத் திறப்பது, கோக்காவை எடுப்பது, தோட்டா வைப்பது, பூட்டுவது, மூச்சு விடுவது என்று ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்யப் பழகினால் மனமும் அந்த வரிசையில் வந்து அமரும்.

ஆர்மரருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. போல்ட்டைக் கழற்றிவிட்டால் பேரலின் பின்வாசல் திறந்துவிடும். அங்கிருந்து ராடை விட்டுச் சுத்தம் செய்யலாம். முனைப் பக்கமிருந்து கம்பியை நுழைத்தால் முனை விளிம்பு தேயும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். அது ஒரு பக்கம் தேய்ந்தால், பின்னாலிருந்து வரும் வாயு அந்தப் பக்கம் முதலில் பீறிட்டுக் குண்டை ஓரமாகத் தள்ளும். பழைய பயிற்சி ரைபிள்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். புல்த்ரூ கயிற்றில் துணித் துண்டைக் கட்டிச் சாய்வாக இழுத்து இழுத்து, முனையில் கயிறு ஒரு தடமே போட்டிருக்கும். டார்ச் அடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வட்டம் முட்டை வடிவமாகத் தெரியும். ஈயக் குண்டு பேரலைத் தேய்க்கப் பல பத்தாயிரம் ரவுண்டு ஆகும். அவசரக்காரன் கையிலிருக்கும் கயிறு அதற்கு முன்பே அந்த வேலையை முடித்துவிடும்.

அதேபோல் தோட்டா இல்லாத சேம்பரில் டிரிகரை இழுத்துப் பார்க்கும் பழக்கம். ரிம்ஃபயரில் ஊசி விளிம்பைத் தட்ட வேண்டும்; அங்கே தோட்டா இல்லாவிட்டால், சில ரைபிள்களில் ஊசி நேராகச் சேம்பரின் ஓரத்தில் போய் அடிக்கும். அங்கே ஒரு பள்ளம் விழுந்தால், பிறகு தோட்டா வைக்கும்போது விளிம்புக்குத் தாங்கல் போதாமல் மிஸ் ஃபயர் வரும். உலர் பயிற்சிக்கு என்றே தனி ஊசி கொடுக்கிற கம்பெனிகள் உண்டு. அது இல்லையென்றால் கோக்காவையே உள்ளே வைத்து இழுக்கச் சொல்கிறேன்.

போட்டி ரைபிள் என்றதும் உலகம் முழுவதும் முதலில் வாயில் வரும் பெயர் அன்ஷூட்ஸ். 1856-இல் ஜெர்மனியின் ட்சேலா-மேலிஸ் ஊரில் தொடங்கிய பட்டறை அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊல்ம் நகரத்தில் மறுபடி தொடங்கினார்கள். அவர்களுடைய மேட்ச் 54 என்ற ஆக்‌ஷன் தலைமுறைகளைத் தாண்டி இன்றும் ரேஞ்சுகளில் இருக்கிறது. வால்தர், ஃபைன்வெர்க்பாவ், சுவிட்சர்லாந்தின் பிளைக்கர் என்று வேறு பெயர்களும் உண்டு. எல்லாவற்றிலும் ரகசியம் ஒன்றுதான். கனமான பேரல், அதைத் தாங்கும் தடித்த இரும்புக் கட்டி, அது ஸ்டாக்கில் அசையாமல் உட்காரும் விதம், தொட்டதும் எப்போதும் ஒரே இடத்தில் உடையும் டிரிகர். போட்டி விதி ரைபிளின் எடைக்கு 8 கிலோ உச்சவரம்பு வைத்திருக்கிறது. பெண்களுக்கு முன்பு 6.5 கிலோவாக இருந்தது; இப்போது இருபாலருக்கும் ஒரே வரம்பு.

மர ஸ்டாக் பார்க்க அழகு. ஐப்பசி மழை தொடங்கியதும் அது ஈரம் குடித்து உப்பும். தை, மாசி வெயிலில் சுருங்கும். ஆக்‌ஷனை ஸ்டாக்கோடு பிடிக்கும் இரண்டு திருகாணிகளின் இறுக்கம் இதனால் மாறிவிடும். ஆகவே டார்க் ரெஞ்ச் இல்லாமல் அந்தத் திருகாணிகளை நான் யாரையும் தொட விடுவதில்லை. கையேட்டில் எந்த அளவோ அந்த அளவு; பிள்ளையின் அப்பா எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சரி. இப்போது அலுமினிய ஸ்டாக் வந்து இந்தக் கவலையைப் பாதி குறைத்திருக்கிறது. வியர்வைத் துரு மட்டும் எந்த ஸ்டாக்கையும் கேட்பதில்லை. பயிற்சி முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைக்காமல் ரைபிளைப் பெட்டியில் வைக்கக் கூடாது என்பது எங்கள் கிளப்பில் முதல் நாள் பாடம்.

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு பாடமும் இருக்கிறது: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 2.6 கிராம் ஈயம் எம்மாத்திரம்? எங்கள் ரேஞ்ச் வடக்கு பார்த்தது. மேற்குக் காற்று இடது கன்னத்தில் அடிக்கும். பேரலுக்குள் இருக்கும் மரை குண்டை வலஞ்சுழியாகச் சுற்றிவிடுவதால், இடப்பக்கக் காற்று குண்டை நேர் வலதுக்குத் தள்ளாமல், வலதும் கீழுமாக, நான்கு மணித் திசையில் தள்ளும். வலப்பக்கக் காற்று என்றால் இடதும் மேலுமாக, பத்து மணித் திசை. போட்டி ரேஞ்சில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் சிறு காற்றுக்கொடிகள் வைக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகளுக்கு நான் சொல்வது: காற்றை ஜெயிக்க நினைக்காதே. இரண்டு கொடியும் ஒரே மாதிரி படுத்திருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடு, அந்த நேரத்தில் மட்டும் சுடு. காற்று மாறினால் போல்ட்டைத் திற, காத்திரு. ஆடி மாதம் முழுக்க எங்கள் பிள்ளைகள் இதைப் பழகுகிறார்கள். வெளியூர்ப் போட்டியில் காற்று எழும்பும்போது மற்றவர்கள் பதறுகையில் இவர்கள் கொடியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

குரூப்பின் வடிவமே நோயைச் சொல்லும். ஓட்டைகள் மேலும் கீழுமாகக் கோடு போட்டால் மூச்சைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் தோட்டா பேட்ச்சை. பக்கவாட்டில் நீண்டால் காற்றை, அல்லது டிரிகர் விரல் பக்கவாட்டில் தள்ளுகிறதா என்று. வரவரக் கீழே இறங்கினால் கையிலிருக்கும் ஸ்லிங் வழுகுகிறது. இரண்டு தனித்தனிக் குரூப் விழுந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு இடையே போய்வருகிறது.

பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி, படுத்துச் சுடும் பயிற்சியில் நன்றாக முன்னேறி வந்தவள். திடீரென்று தாளில் இரண்டு குரூப் விழத் தொடங்கியது. ஒன்று பத்தில், இன்னொன்று எட்டில், எட்டு மணிப் பக்கம். இரண்டுமே தனித்தனியாகப் பார்த்தால் அருமையான குரூப். அவள் அப்பா காங்கேயம் பக்கத்து விவசாயி. சனிக்கிழமை காலையில் என்னைத் தேடி வந்தார்.

“ஏனுங் சார், ரைபிள் போயிருச்சுன்னு சொல்றாங்க. புதுசு ஒண்ணு வாங்கிப் போடலாம்னு பாக்கறனுங்க. தோட்டத்து மேல கடன் கேட்டிருக்கறன்.”

“ரெண்டு நாள் பொறுங்க அண்ணா. மொதல்ல ரைபிளைப் பாத்துடலாம்.”

திருகாணிகளை டார்க் ரெஞ்சில் பார்த்தேன். சரி. சைட் ஆடவில்லை. முனை விளிம்பு சுத்தம். அவளுடைய பேட்ச்சையே மணல் மூட்டையில் வைத்துச் சுட்டேன். ஒரே குரூப், கோப்பில் இருந்த பழைய தாளைப் போலவே. ஆக ரைபிள் குற்றவாளி இல்லை. பிறகு அவளைச் சுடச் சொல்லிவிட்டு, இலக்கைப் பார்க்காமல் அவளுடைய இடது முழங்கையை மட்டும் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் சில ரவுண்டுகளில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பார்த்தேன். அவள் தோட்டாப் பெட்டியை வலது பக்கம், கை நீட்டி எடுக்கும் தூரத்தில் வைத்திருந்தாள். முன்வரிசைத் தோட்டாவை எடுக்கும்போது கை மட்டும் போயிற்று. பின்வரிசையை எடுக்கும்போது தோளும் சேர்ந்து போயிற்று. தோள் போனதும் இடது முழங்கை பாயில் விரற்கடை நகர்ந்தது. திரும்பி வந்து அதே மூச்சு, அதே டிரிகர், ஆனால் முழங்கை வேறு இடத்தில். அவள் தசையால் ரைபிளை இலக்குக்கு இழுத்துப் பிடித்துச் சுட்டாள். இழுத்துப் பிடித்தது சுடும் கணத்தில் தளர்ந்து, குண்டு எட்டு மணிக்குப் போயிற்று. முன்வரிசைத் தோட்டாக்கள் ஒரு குரூப், பின்வரிசை இன்னொரு குரூப்.

பெட்டியை ஒரு சாண் கிட்டே, போல்ட் கைப்பிடிக்கு நேர் கீழே நகர்த்தி, ஒரு மரக்கட்டை மேல் தூக்கி வைத்தேன். “கண்ணு, இப்போ எடுத்துப் பாரு.” கை மட்டும் போய் வந்தது. அடுத்த தாளில் ஒரே குரூப். அவள் அப்பா தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கடன் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு எதற்கு என்று தயங்கும் பெற்றோரிடம் நான் மாண்ட்ரியலைச் சொல்வேன். 1976 ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஆண், பெண் பிரிவு கிடையாது. அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக், அதே நாட்டு லானி பாஷம் இருவரும் 1,162 புள்ளிகளில் சமம். கடைசித் தொடரை வைத்துத் தங்கம் பாஷத்துக்குப் போயிற்று. தேசிய கீதம் ஒலித்தபோது அவர் மர்டாக்கைக் கைபிடித்து மேல்படிக்கு ஏற்றித் தன்னோடு நிற்கவைத்தார். நம் நாட்டில் தேஜஸ்வினி சாவந்த் 2010-இல் மியூனிக்கில் 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் உலக சாம்பியன் ஆனார். ரைபிளுக்குச் சுடுவது யார் என்று தெரியாது. அது கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அது எவ்வளவு கண்டிப்பாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு ஏதென்ஸ் 2004 இருக்கிறது. மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றில் முன்னிலையில் இருந்த மேத்யூ எமன்ஸ், கடைசி ரவுண்டைப் பக்கத்து வீரரின் இலக்கில் சுட்டுவிட்டார். தங்கம் கைநழுவி எட்டாம் இடம் வந்தது. நான்கு ஆண்டு கழித்து பெய்ஜிங்கில் மறுபடி முன்னிலை. கடைசி ரவுண்டில் நினைத்ததற்கு முன்பே டிரிகர் உடைந்து 4.4. அவரைப் போன்ற கலைஞர்கள் குறைவு. அதே ஏதென்ஸில் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வாங்கியவர் அவர். பெய்ஜிங்குக்குப் பிறகும் விடாமல் வந்து 2012 லண்டனில் வெண்கலம் வாங்கினார். அவர் கதையை நான் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, ஒவ்வொரு ரவுண்டுக்கு முன்பும் இலக்கு எண்ணைப் படிப்பதையும், விரலை வைக்கும் நேரத்தையும் வரிசையில் சேர்க்கச் சொல்வேன். அறுபதாவது ரவுண்டுக்கும் முதல் ரவுண்டின் அதே வரிசைதான்.

பாரிஸ் 2024-இல் கோலாப்பூர் மாவட்டத்துக்காரரான ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளோடு வெண்கலம் வாங்கினார். இந்த மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். முழங்காலிட்டு, படுத்து, நின்று என்று மூன்று நிலைகள். தொடக்கத்தில் பின்தங்கியிருந்தவர் பதறாமல் படிப்படியாக ஏறி வந்ததை எங்கள் பிள்ளைகள் கிளப் டி.வி.யில் பார்த்தார்கள். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை பார்த்தவர் என்று தெரிந்ததும் ஒரு பையனின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரும் ரயில்வே ஊழியர்.

துப்பாக்கி என்பதால் சட்டமும் கூடவே வரும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், லைசென்ஸ், பதிவேடு, தோட்டாக் கணக்கு. சிலர் இதைத் தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கலும் கிடையாது. எண்ணிக் கொடுத்த ரவுண்டுக்கு எண்ணித் திரும்பிய கோக்கா என்ற பழக்கம், பிள்ளைக்குக் கையில் இருப்பது என்ன என்பதை நாளும் நினைவூட்டுகிறது. எங்கள் கிளப்பில் ரைபிள் ஒரு பெட்டியில், போல்ட் வேறு பூட்டில், தோட்டா வேறு அறையில். ஃபயரிங் பாயிண்டில் சுடாத நேரம் போல்ட் திறந்திருக்கும், சேம்பரில் சேஃப்டி ஃப்ளாக் நிற்கும். தோட்டா வெடிக்கவில்லை என்றால் முனையைப் பட்ஸ் பக்கமே வைத்து 30 விநாடி எண்ணிவிட்டுத்தான் திறக்க வேண்டும். இதில் சிறியவர் பெரியவர், புதியவர் பழையவர் என்ற பேச்சே இல்லை. இந்த ஒழுங்கு வந்த பிள்ளைக்குத்தான் குரூப்பும் வரும். இதுவரை இதற்கு விலக்கை நான் பார்த்ததில்லை.

மாவட்டக் கிளப்புகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ரைபிளுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தப் பேட்ச், எத்தனை ரவுண்டு, எப்போது சுத்தம், திருகாணி இறுக்கம் எவ்வளவு, எந்தப் பிள்ளைக்குப் பட் பிளேட்டும் கன்னக்கட்டையும் எந்தக் கோட்டில் என்று எழுதி வையுங்கள். கிளப் ரைபிளைப் பல பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சுடுவார்கள். அந்தக் கோடுகள் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தினமும் தன் ரைபிள் கிடைக்கும். இல்லையென்றால் தினமும் புது ரைபிள்தான்.

பெற்றோருக்குச் சொல்வது இதைவிட எளிது. முதல் வருடம் ரைபிள் வாங்காதீர்கள். கிளப்பில் இருக்கும் பழைய போல்ட் ஆக்‌ஷன், முனை தேயாமல் இருந்தால், உங்கள் பிள்ளையைவிட நன்றாகச் சுடும். ரைபிளுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை எடுத்து, கிளப் மூலமாக ஒரே பேட்ச் தோட்டா வாங்க ஏற்பாடு செய்யுங்கள். அந்தப் பெட்டிகள் தீர்ந்து முடியும்போது, எந்த ரைபிள் வேண்டும், ஸ்டாக் எவ்வளவு நீளம் வேண்டும் என்று உங்கள் பிள்ளையே சொல்லும்; காரணத்தோடு சொல்லும். அன்றைக்கு வாங்கிக் கொடுங்கள்.